பேசினில் பூசிய படகு ரெசின்

எங்கள் வீட்டு அறையைப் பார்க்க வந்த தாதி, "இந்த அறை இப்ப சரிவராது அம்மா" என்று சொன்ன அன்று நான் அவளுக்குத் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஊற்றி வைத்ததைக் குசினியில் நின்று நானே குடித்தேன். இப்போது அவளுடைய நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கி, கோயிலில் என் வீட்டாரோடு சேர்த்து அவளுக்கும் அர்ச்சனை செய்கிறேன். கோபமும் நன்றியும் எனக்கு அடக்கி வைக்க வராது. இரண்டையும் வந்த உடனே காட்டிவிடுவேன். சில நேரம் ஒரே ஆளிடம் இரண்டையும் காட்ட வேண்டி வந்துவிடுகிறது.

ஒரு தாதி எங்கள் அறையை ஏன் பார்க்க வந்தாள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருப்பது பனிச்சங்கேணியில். வாழைச்சேனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து நகரத்துக்கு இன்னொரு பஸ், பிறகு இயந்திரத்துக்கு முறை வரும்வரை வாங்குப் பலகையில் காத்திருப்பு. திரும்பி வரும்போது பிழிந்து போட்ட துணிபோல என் தோளில் கிடப்பார். அடுத்த நாள் முழுக்கப் படுக்கை. அதற்கு அடுத்த நாள் திரும்பவும் பஸ். வாழ்க்கை என்பதே பஸ்ஸில் ஏறி இறங்குவதாகிப் போனது.

வீட்டிலேயே செய்யக்கூடிய வேறொரு முறை இருக்கிறது என்று வைத்தியர்தான் சொன்னார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்துவார்கள். பையிலிருக்கும் மருந்துத் தண்ணீரை அதன் வழியாக உள்ளே விட்டு, சில மணித்தியாலம் வைத்திருந்து, வெளியே எடுக்க வேண்டும். அழுக்கெல்லாம் அதோடு வந்துவிடும். பஸ்ஸும் இல்லை, வாங்கும் இல்லை. ஆனால் வயிற்றுக்குள் கிருமி போய்விட்டால் எல்லாம் கெட்டுவிடும். அதனால் சுத்தமான தனி அறை வேண்டும், அந்த அறையிலேயே கை கழுவ பேசின் வேண்டும், சுவரில் ஈரமோ பூஞ்சணமோ இருக்கவே கூடாது. குழாயைப் பொருத்திவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது. நாங்கள் இருவரும் வார்டில் பயிற்சியும் எடுத்துவிட்டோம். தாதி வந்து அறையைப் பார்த்துச் சரி சொல்வது மட்டும்தான் மீதி.

அந்த நாட்களில் ஒரு தடவை, பஸ் பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறும்போது அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்த அறையும் சரிவராட்டி நான் இனி பஸ் ஏற மாட்டன். சொல்லிப்போட்டன்."

பஸ் ஏறாவிட்டால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். நான் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அன்றைக்கும் வழக்கம்போல மினுங்கிக்கொண்டிருந்தது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் தொழில் பைபர் தோணி திருத்துவது. வாவிக்கரையில் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு, வெடித்த தோணி, கல்லில் மோதிய தோணி, அடி தேய்ந்த தோணி எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்தார். ரெசினை ஒரு டப்பாவில் ஊற்றி, அது இறுகுவதற்கான மருந்தைச் சில துளி விட்டுக் கலக்கி, கண்ணாடி நார்த் துணியை மேலே வைத்துத் தூரிகையால் குத்திக் குத்திப் பூசுவார். காய்ந்தால் கல். அவர் ஒட்டிய இடத்தால் தண்ணீர் வந்தது என்று ஒருவரும் தோணியைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, எனக்கும் உண்டு.

ஆகவே அறைக்கு பேசின் பூட்ட வேண்டும் என்றதும், பைப் வேலை செய்கிற ஆளை வளவுக்குள் விட அவர் சம்மதிக்கவில்லை. "தண்ணி அடைக்கிறதுக்கு என்ட வீட்டுக்கு வேற ஆளா?" என்று கேட்டார். உடம்பு கொஞ்சம் தேறுகிற நாட்களில் சிறிது சிறிதாக வேலை செய்தார். சுவரில் பேசினைப் பொருத்தினார். அதன் அடியில் தொங்கும் போத்தல் போன்ற பகுதி, அதிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே வாழைப்பாத்திக்குப் போகும் கழிவு பைப், மேலே டாங்கியிலிருந்து வரும் நல்ல தண்ணீர் பைப் எல்லாவற்றையும் பூட்டினார். பிறகு ஒரு பொருத்துவாயும் மிச்சமில்லாமல் நார்த் துணி சுற்றி ரெசின் பூசினார். மேலே வெள்ளைப் பெயின்ட். வேலை முடிந்தபோது ஒவ்வொரு பொருத்தும் வீங்கின முழங்கால் மாதிரித் தடித்திருந்தது. பார்ப்பதற்கு அழகில்லை. ஆனால் அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அவர் அதைப் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, அழகைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

தாதி வந்தாள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளை, சின்ன வயது, சிரித்த முகம். பேசினில் நிறையத் தண்ணீர் விட்டு நிதானமாகக் கை கழுவினாள். பிறகு குனிந்து, போன் வெளிச்சத்தை அடித்து, அடிப்பக்கத்தைத் தடவினாள். சுவரைத் தடவினாள். பெயின்ட் ஓரிடத்தில் உப்பியிருந்தது. அதற்குக் கீழே மூலையில் கடுகு தூவினதுபோலக் கறுப்புப் புள்ளிகள்.

"எங்கயோ ஒழுகுது ஐயா" என்றாள்.

"ஒழுக ஏலாது மிஸ். அது ரெசின்."

"ரெசின்தான் ஐயா. ஆனா சுவர் நனைஞ்சிரிக்கே. இது பூஞ்சணம். இதோட இஞ்ச தொடங்க ஏலாது."

பிறகு அவள் என்னிடம் திரும்பித்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள், இந்த அறை இப்போது சரிவராது என்று. "ஒழுக்கை நிப்பாட்டி, சுவர் காய்ஞ்ச பிறகு சொல்லுங்க, நான் வாறன்" என்றும் சொன்னாள். ஆனால் அது என் காதில் ஏறவில்லை. அவள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போன பிறகு அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"விடுகா" என்றார். அவ்வளவுதான்.

அவளை நான் எனக்குள்ளே திட்டாத திட்டில்லை. ஆஸ்பத்திரி வார்டுச் சுவரில் இல்லாத பூஞ்சணமா என் வீட்டில் என்று திட்டினேன். நோயாளியின் முகத்தைப் பார்க்கத் தெரியாதவள், சுவரைப் பார்க்கிறாள் என்று திட்டினேன். நான் முன்பள்ளி ஆசிரியை. காற்சட்டையை நனைத்துவிட்டு, நனையவே இல்லை என்று கண்ணை உருட்டிச் சத்தியம் செய்யும் பிள்ளைகளை நாளாந்தம் பார்க்கிறவள். திட்டி முடித்துக் களைத்துப் போய் அறைக்குள் போனபோது, நானும் அந்தப் பிள்ளைகளைப் போலத்தான் நிற்கிறேன் என்று தெரிந்தது. கறுப்புப் புள்ளி இருந்தது. கையை வைத்தால் சுவர் குளிர்ந்தது. அவள் இல்லாததைச் சொல்லவில்லை.

சரி, எங்கே ஒழுகுகிறது? ரெசினும் பெயின்டும் மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. வெறும் தண்ணீர் நிறமில்லாமல் ஓடி ஒளிந்துகொள்கிறது. அப்போதுதான் மஞ்சள் ஞாபகம் வந்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கும் நாட்களில் வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். கழுவி எத்தனையோ நாளான பிறகும் சீமெந்துத் தரையில் எங்கெங்கே வெடிப்பு என்பதை மஞ்சள் கோடு காட்டிக்கொண்டிருக்கும். தரைக்குச் செய்வதை பைப்புக்குச் செய்தால் என்ன?

பழைய வெள்ளை வேட்டியொன்றைக் கீலம் கீலமாகக் கிழித்தேன். ஒவ்வொரு பொருத்துவாயிலும் ஒரு கீலத்தை இறுக்கிக் கட்டினேன். கழிவு பைப் சுவருக்குள் நுழையும் ஓட்டையைச் சுற்றிலும் ஒன்றைத் திணித்தேன். ஒரு வாளியில் மஞ்சளைக் கெட்டியாகக் கரைத்து பேசினில் ஊற்றினேன். அவர் கட்டிலில் படுத்தபடி பார்த்தார்.

சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தேன். பேசினின் அடித்துவாரத்தில் கட்டியது மஞ்சள். போத்தல் பகுதியின் கழுத்தில் கட்டியது மஞ்சள். சுவருக்குள் திணித்தது கோயில் சாத்துப்படிச் சீலைபோல முழு மஞ்சள். மேலே, நல்ல தண்ணீர் வரும் குழாயடியில் கட்டியது மட்டும் வெள்ளையாகவே நனைந்திருந்தது. அந்தத் துணிதான் எனக்கு நிறையச் சொன்னது. மஞ்சள் அந்தப் பக்கம் போக வழியில்லை. ஆகவே அது டாங்கித் தண்ணீர். கழிவுப் பக்கமும் ஒழுகுகிறது, வரவுப் பக்கமும் ஒழுகுகிறது.

துணிகளைக் கொண்டுபோய்க் கட்டில் சட்டத்தில் வரிசையாகத் தொங்கவிட்டேன். எழும்பி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"மஞ்சள் கூடிப்போச்சு" என்றார்.

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் அவர் எழும்பி உட்கார்ந்தது எனக்குப் போதுமாக இருந்தது. திரும்பவும் படுப்பதற்கு முன் ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று, "சுவர் காயுமட்டும் பஸ் ஏறுவீங்களா?" என்று கேட்டேன். யோசித்தார். "காயுமட்டும்" என்றார். இனி என் வேலை சுவரைக் காய வைப்பது. மாரி தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் எந்தச் சுவரும் காயாது.

அடுத்த நாளே வாழைச்சேனைக்குப் போனேன். ஹாட்வெயார் கடையில் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றாள். கடைக்காரரின் மனைவி. என் வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒழுக்கை நிறுத்தும் சாமான் எதுவென்று எனக்கு என்ன தெரியும்? நகைக்கடைக்குப் போனவள் மாதிரிக் கேட்டேன்:

"தங்கச்சி, ஒழுகாம நல்லா ஒட்டுற சாமான் ஒண்டு தாங்க. இரிக்கிறதில ஆக நல்லது."

"எந்த இடத்துக்கு அக்கா?"

"எல்லா இடத்துக்கும்."

"எல்லா இடத்துக்குமெண்டு ஒண்டும் இல்லக்கா. இடத்தைச் சொல்லுங்க."

விற்க மனமில்லாமல் கதை வளர்க்கிறாளோ என்று நினைத்தேன். இருந்தாலும் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன், வேட்டிக் கீலங்களையும் பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினேன். அவள் அதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தாள். கேலிச் சிரிப்பில்லை. உள்ளே எட்டி, "இஞ்ச வந்து பாருங்க, இவ மஞ்சளைக் கரைச்சு ஊத்திக் கண்டுபிடிச்சிரிக்கா" என்று கணவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பிறகு ஒவ்வொரு துணியாக எடுத்து இரண்டே கேள்வி கேட்டாள். இது தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரா, சும்மா வடியும் தண்ணீரா? இந்த இடத்தைப் பிறகு கழற்ற வேண்டி வருமா, வராதா? எனக்கு அதுவரை தண்ணீரென்றால் தண்ணீர்தான், ஓட்டையென்றால் ஓட்டைதான்.

வெள்ளையாக நனைந்த துணிக்கு, பிசின் இல்லாத மெல்லிய வெள்ளை நாடாச் சுருள் ஒன்றைத் தந்தாள். திருகிப் பூட்டும் மரையில் சுற்றுவதற்கு. சுவருக்குள் போகும் துணிக்கு, பைப் ஒட்டும் கம் டின் ஒன்றை எடுத்தாள். ரெசின் எந்த விதத்தில் குறைச்சல் என்று நான் விடாமல் கேட்டேன். கணவரின் கட்சியில் நின்று கேட்கும்போது எனக்குக் குரல் தானாக உயரும். அவள் கோபிக்கவில்லை. வெட்டி எறிந்த இரண்டு பைப் துண்டுகளில் கம்மைத் தடவி, ஒன்றுக்குள் ஒன்றை ஒரு திருகுத் திருகிச் செருகி, கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு என் கையில் தந்தாள். இழுத்தேன். வரவே இல்லை.

"கம் பைப்பைக் கொஞ்சம் கரைச்சு ரெண்டையும் ஒண்டாக்கிப்போடும் அக்கா. ரெசின் பைப்புக்கு மேல சட்டை மாதிரித்தான் கிடக்கும்."

போத்தல் பகுதியின் துணியை எடுத்தபோது, அதற்கும் இந்தக் கம்மையே போடலாமா என்று கேட்டேன். கையிலிருந்த டின்னைச் சட்டென்று பின்னால் வைத்துவிட்டாள்.

"அதுக்கு ஒண்டும் தர மாட்டன். உள்ளுக்கு ரப்பர் வாசர் இரிக்கும். அந்த வாசர்தான் அடைக்கிறது. புது வாசரைப் போட்டுக் கையால இறுக்கினாலே காணும். நான் என்ட குசினிச் சிங்குக்குக் கம்மை அப்பிப்போட்டு, அடைப்பெடுக்க ஏலாம முழுப் பைப்பையும் வெட்டி எறிஞ்சனான்."

பேசினின் அடித்துவாரத்துக்கும் சுவரோரத்துக்கும் பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கன் ஒன்றைத் தந்தாள். இடம் சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும், பூசிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காட்டக் கூடாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஈரத்துல பூசினா அது ஒட்டின மாதிரி நடிக்கும். நம்பிப்போடாதீங்க." விற்கக்கூடியதை விற்காமல் அனுப்பிய அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் மனம் குளிர்கிறது. வாழைச்சேனைக்குப் போனால் இப்போதும் ஒரு எட்டு அந்தக் கடையில் எட்டிப் பார்க்காமல் நான் பஸ் ஏறுவதில்லை.

ரெசினை உடைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தூசி அவருக்கு ஆகாது. கழுத்திலும் இயந்திரத்துக்கான ஊசிக்குழாய் இருந்ததால் குனியவும் முடியாது. வாசலுக்கு வெளியே கதிரையைப் போட்டு, முகக்கவசம் கட்டி, மேற்பார்வை செய்ய உட்கார்ந்தார். நான் உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். அவர் கையால் ஒட்டியது என்பதால் முதல் அடியை மெதுவாகத்தான் அடித்தேன். எவ்வளவு அடிக்க வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். இரண்டாவது தட்டிலேயே சுவரோரத்து ரெசின் அவித்த முட்டைக் கோது மாதிரி முழுசாகக் கழன்று என் கையில் வந்தது. உள்ளே பைப் புதிதாக வாங்கியதுபோல வழுவழுவென்று இருந்தது. இடையில் மஞ்சள் தண்ணீர் தேங்கியிருந்தது.

அந்தக் கோதை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்புறத்தை விரலால் தடவினார்.

"பிடிக்கவே இல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரெல்லாம் தோணி ஒட்டின கை. அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. கண்ணில் தூசி விழுந்த மாதிரித் திரும்பிக்கொண்டேன். அவரோ கோதைக் கீழே வைத்துவிட்டு, "தோணி பைபர். பைபரில பைபர் பிடிக்கும். இது வேற சாமான். மற்றதையும் உடை" என்றார். எவ்வளவு பெரிய மனது வேண்டும் அதைச் சொல்ல. அவரைக் கட்டிய நாளிலிருந்து நான் அவரை மதித்த இடங்கள் பல. அதில் இது ஒன்று.

ஆனால் அப்படியே சமாதானமாகப் போனோம் என்று சொன்னால் பொய். போத்தல் பகுதிக்குப் புது வாசரைப் போட்டு நான் கையால் இறுக்கத் தொடங்கியதும் சண்டை பிடித்தார்.

"ஒண்டும் பூசாம வெறுங்கையால இறுக்கினா எப்படிகா நிக்கும்? கொஞ்சம் கம் எண்டாலும் தடவு."

"தடவக் கூடாதெண்டு அந்தப் புள்ள சொன்னது."

"கடையில நிக்கிற புள்ளைக்கு என்ன தெரியும்? தண்ணி எண்டால் அடைக்கத்தான் வேணும்."

"அடைக்கிறது வாசர்."

"ரப்பர் என்னத்த அடைக்கும்? நான் எத்தின தோணி..."

எனக்குப் பொறுமை போய்விட்டது. முழங்காலில் நின்றபடியே திரும்பிக் கத்தினேன்.

"உங்கட வயித்துக் குழாய்க்கு என்னத்தப் பூசியிரிக்காங்க? ரெசினா?"

வாய் தவறி வந்த வார்த்தை. சொன்ன உடனே நாக்கைக் கடித்தேன். அவர் கை தானாகச் சட்டைக்கு மேலே, குழாய் இருக்கிற இடத்துக்குப் போனது. வார்டில் அதைத்தான் எங்களுக்குத் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். பையின் வாயைக் குழாயின் வாயோடு சேர்த்துக் கையால் திருகு, போதும். வேலை முடிந்ததும் கழற்று, புது மூடியைப் போட்டுத் திருகு. ஒட்டினால் பிறகு எப்படித் திறப்பது? அவருடைய உயிரே அப்படிக் கையால் திருகி மூடிய ஒரு வாயில்தான் நிற்கப் போகிறது. பிறகு முகக்கவசத்துக்குள் அவர் சிரிப்பது தோளின் குலுக்கத்தில் தெரிந்தது. நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"சரி. கையாலயே இறுக்கு" என்றார். "கூட இறுக்கிப்போடாத, வாசர் நசிஞ்சிரும்."

அதற்குப் பிறகு வேலை இருவருக்குமாக நடந்தது. நல்ல தண்ணீர்க் குழாயின் மரையில் நான் நாடாவைச் சுற்றிப் பூட்டப் பூட்ட, அது சுருண்டு சுருண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "மறுபக்கம் சுத்துறாய். பூட்டப் போற பக்கமாச் சுத்து, அப்பதான் பூட்டேக்க இறுகும்" என்றார். பூட்டியது, நின்றது. சுவருக்குள் போகும் பைப்பை உரசித் துடைத்துக் கம்மைப் பூசி, கடையில் பார்த்தபடியே ஒரு திருகோடு செருகிப் பிடித்துக்கொண்டேன். தூசியெல்லாம் துடைத்து, பேசினும் சுவரும் நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கன் பூசுவதற்கு மட்டும் அவரை உள்ளே விட்டேன். முக்காலியில் உட்கார்ந்து, சவர்க்காரத் தண்ணீரில் விரலை நனைத்து, பேசினின் விளிம்பிலிருந்து கடைசி மூலைவரை ஒரே இழுப்பில் தடவினார். நூல் பிடித்ததுபோல ஒரு கோடு. அந்த விரல் தன் வேலையை மறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சிலிக்கன் பூசுமுன் அந்தச் சுவரைக் காய வைத்ததுதான் பெரிய பாடு. உப்பிய பெயின்டைச் சுரண்டி, பூஞ்சணத்தைக் கழுவித் துடைத்து, யன்னலையும் கதவையும் திறந்துவிட்டேன். அது கச்சான் காற்று அடிக்கும் கடைசி நாட்கள். தோலை உரிக்கிற மாதிரிச் சுடுகாற்று. ஊரில் அதைத் திட்டாத ஆளில்லை. புழுதி, சூடு, வாய் வரட்சி என்று எல்லோரும் புறுபுறுத்தார்கள். நான் ஒருத்திதான் அடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும் என்று நின்றேன். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்து ஒரு தடவை சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். அவர் பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தார். காயுமட்டும் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு தடவை அவரைப் பஸ்ஸில் ஏற்றும்போதும், இன்றைக்கு ஏறமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்கு. கிழக்கே கடல் பக்கம் முகில் கூடினால் ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன்.

சுவர் காய்ந்தது. கை வைத்தால் குளிரவில்லை. சிலிக்கன் பூசி ஒரு நாள் முழுக்க விட்டு, வெள்ளைக் கீலங்களைத் திரும்பக் கட்டி மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் வெள்ளையாக, உலர்ந்தபடி இருந்தன. சுவருக்கு வெள்ளையடித்து, அந்த மணமும் போன பிறகு தாதிக்குப் போன் எடுத்தேன்.

சொன்னபடி வந்தாள். பழையபடி நிறையத் தண்ணீர் விட்டுக் கை கழுவினாள், பழையபடி குனிந்தாள். ஒரு மெல்லிய காகிதத்தால் ஒவ்வொரு பொருத்தையும் சுற்றித் துடைத்து, அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுவர் மூலையில் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தாள். அவ்வளவு நேரமும் அவர் கட்டில் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு செய்தது?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும்" என்றார்.

"நல்ல வேலை ஐயா. இனித் தொடங்கலாம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தித் திட்டியதையெல்லாம் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "நீங்க அண்டைக்கு ஓம் எண்டிருந்தா என்ன ஆகியிருக்கும் மிஸ்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு விளங்கியது. "வேற வீடொண்டுல அப்படி ஆகியிரிக்கு அம்மா. அதாலதான்" என்றாள். அன்றைக்கு அந்த ஈரச் சுவரைப் பார்த்தும் அவள் எங்கள் முகத்துக்காகச் சரி சொல்லியிருந்தால், நான் அவளைத் தெய்வம் என்று கும்பிட்டு அனுப்பியிருப்பேன்.

மருந்துத் தண்ணீர்ப் பைகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. முதல் நாள் தாதியும் கூட நின்றாள். கதவையும் யன்னலையும் சாத்தி, காற்றாடியை நிறுத்தினோம். வேர்த்துக் கொட்டியது. அவர் முழங்கைவரை கழுவினார். தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே தெரியாமல் இறங்கிப் போனது. மூடியைக் கழற்றிப் பையின் வாயைச் சேர்த்துக் கையால் திருகினார். உள்ளே விட்டதை வைத்திருக்க வேண்டிய நேரமெல்லாம் விறாந்தையில் இருந்து தாதியோடு தோணிக் கதை பேசினார். நான் கொடுத்த தேத்தண்ணீரை அவள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பிறகு வெளியே எடுத்தோம். பை மெல்ல மெல்ல நிரம்பியது. அதுதான் எனக்கு மிகவும் பயமான நேரம். வரும் தண்ணீர் கலங்கியிருந்தால் உள்ளே கிருமி என்று அர்த்தம். கலங்கியிருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவெடுக்கக் கூடாது, பையைத் தூக்கிப் பிடித்து, அதற்குப் பின்னால் ஏதாவது எழுத்தை வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்று தாதி சொன்னாள். பத்திரிகை எடுக்க நான் ஓடினேன். அதற்குள் அவர் கழற்றிய பையோடு எழும்பிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியண்டை போய்விட்டார். பையை அதற்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடியிலிருந்த பொடி எழுத்தை வாசிக்கத் தொடங்கினார். திதி, நட்சத்திரம், இராகு காலம், சுபநேரம். ஒரு சொல்லிலும் தடக்கவில்லை. நான் பத்திரிகையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்று அழுதேன்.

வாசித்து முடித்துவிட்டுத் திரும்பி, "எல்லாம் தெரியுதுகா" என்றார். பையைத் தாதியிடம் கொடுத்தார். பிறகு கிட்டப் போய்ப் பார்த்து, அது முந்தின நாள் தாள், கிழிக்க மறந்துபோயிருக்கிறோம் என்று கண்டுபிடித்தார். எத்தனையோ மாதமாக அந்த நாட்காட்டியை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர். தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் எழும்பியதும் நாட்காட்டியைக் கிழிப்பது அவர்தான்.